மேகராகக் குறிஞ்சியில் ஓர் ஆங்கிலக் கதை

முதுமையில் ஒன்றைக் கற்கப் புறப்படுகிறவன் கடைக்குப் போய்ப் புதுப் பாத்திரம் வாங்குவதில்லை. வீட்டில் இருக்கும் பழைய பாத்திரத்தையே கழுவி எடுத்துக்கொண்டு போகிறான். என்னிடம் இருந்த பாத்திரம் பதிகம். என் தகப்பனார் எனக்குக் கற்பித்த ஒழுங்கு இதுதான்: முதலில் பண், அடுத்து சொல், பொருள் எப்போதாவது வரும். வராமலே போனாலும் குற்றமில்லை. பாடியதற்குரிய பலன் கிட்டிவிடும்.

இந்த ஒழுங்கில் நான் இன்றும் குறை காணவில்லை. ஆங்கிலத்தை அதற்குள் கொண்டுபோய் வைத்ததுதான் என் சொந்தத் திருப்பணி.

தலவாக்கலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வுபெற்றவன் நான். காலையில் வேலையாட்கள் கூடும் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவதும், பகலில் மலையில் கொழுந்தெடுப்பதை மேற்பார்ப்பதும், மாலையில் எங்கள் முருகன் கோயிலில் பதிகம் பாடுவதுமாக என் வாழ்நாள் கழிந்தது. துரைமார் பலரின் கீழே வேலை செய்ததால் எனக்கு ஆங்கிலம் தெரியும் என்று தோட்டத்தில் ஒரு நம்பிக்கை நிலவியது. அதை நான் கலைக்க முயன்றதில்லை. துரை அமைதியாகக் கேட்டால் ‘யெஸ் சேர்’ என்பேன். சினந்து கேட்டால் ‘நோ சேர்’ என்பேன். (கேள்வியைக் காதில் வாங்குவதில்லை. முகத்தைத்தான் பார்ப்பேன்.) இந்த இரண்டைக் கொண்டே ஒரு முழு உத்தியோக வாழ்வையும் பழுதின்றி முடித்துவிட்டேன்.

என் மகள் புவனேஸ்வரி எங்கள் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவின் பொறுப்பாளர். தாய்மார் மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் இடம் அது. கோயிலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அக்காலத்தில் அதன் கூரைத் தகரம் துருவேறி, வானத்தை ஆங்காங்கே காட்டிக்கொண்டிருந்தது. மழைக்காலம் முழுதும் புவனா தொட்டில்களை இடம் மாற்றுவதும் ஒழுகும் இடங்களில் வாளி வைப்பதுமாகவே இருந்தாள். கூரை மாறாவிட்டால் அடுத்த மழைக்கு முன் பிள்ளைக் காம்பராவைப் பூட்டிவிட வேண்டியதுதான் என்று தோட்ட நிர்வாகம் சொல்லிவிட்டது. பூட்டினால் கைக்குழந்தை உள்ள பெண்கள் வேலைக்குப் போக முடியாது. புவனாவுக்கும் வேலை இராது.

அந்த நிலையில்தான் ஒரு செய்தி வந்தது. முன்னொரு காலத்தில் எங்கள் தோட்டத்துப் பங்களாவில் பிறந்த ஒரு வெள்ளைக்காரரின் மகள், தம் தகப்பனார் பிறந்த மண்ணைப் பார்க்க வருகிறாராம். வயதானவர், ஏதாவது நன்மை செய்துவிட்டுப் போக விரும்புகிறாராம். அவரிடம் கூரையைக் கேட்பது என்று தோட்டமே முடிவு செய்தது.

கேட்பது யார் என்பதில் பேச்சுக்கே இடமில்லை. எங்கள் தோட்டத்தில் எந்த வைபவமானாலும் கோயிலில் பாடுகிறவர்தான் முதல் வார்த்தை பேச வேண்டும். அது வழக்கம். புவனாவுக்கு ஆங்கிலம் நன்றாக வரும். பயிற்சி வகுப்புகளில் படித்தவள். தானே கேட்டுவிடுவதாக அவள் மெல்லச் சொன்னாள். நான் இருக்கும்போது கோயில் முற்றத்தில் இன்னொருவர் வாய் திறப்பதா என்று நான் பார்த்த பார்வையில் அவள் அந்தப் பேச்சை விட்டுவிட்டாள். அதற்குப் பதிலாக எனக்கு ஆங்கிலம் கற்பிக்க முன்வந்தாள்.

அவள் கொண்டுவந்தது சிறுகதைகள் அடங்கிய ஒரு மெல்லிய புத்தகம். எழுத்துக் கூட்டுவதைத் தாண்டியும் மொழிக்குள் இறங்காமல் கரையிலேயே நிற்கிறவர்களுக்கென்று எழுதப்பட்டது. அவள் சொன்ன முறை நல்ல முறை. இன்று யார் வந்து கேட்டாலும் நான் அதையேதான் சொல்வேன்.

“கதைய மனப்பாடம் பண்ணாதீங்கப்பா. தெரியாத சொல்லுக்கு மட்டும் பென்சில்ல கோடு போடுங்க. கதையில என்னா நடக்குதுன்னு பாத்தாலே பாதி அர்த்தம் வெளங்கிரும். அப்புறம் அந்தச் சொல்ல வச்சு நம்ம தோட்டத்தப் பத்தி நீங்களா ஒரு வரி சொல்லணும். அப்பதான் அது ஒங்க சொல்லு.”

நான் தலையசைத்தேன். ஆனால் பதிகத்திலிருந்து ஒரு சொல்லைத் தனியே உருவிப் பொருள் கேட்பது, சுவாமிக்குச் சாத்திய மாலையிலிருந்து ஒரு பூவைப் பிடுங்குவதற்குச் சமம் என்று கருதி வளர்ந்தவன் நான். அச்சடித்த ஒன்றில் பென்சிலால் கோடு போடவே கை வரவில்லை.

புத்தகத்தில் ஒரு கதையை அவளே தேர்ந்து கொடுத்தாள். எங்களுக்கு வேண்டிய சொற்களான கூரை, ஒழுக்கு, வாளி, தங்குமிடம், தாராள மனம், நன்றி எல்லாம் அதில் ஒருசேர இருந்தன. கதை இதுதான். ஒரு மழைநாள் மாலையில், நரைத்த தலையும் ஒரு குடையும் ஒரு கைப்பையுமாக ஒரு மூதாட்டி ஒரு வீட்டின் கதவைத் தட்டுகிறாள். ஒரே ஓர் இரவு தங்க இடம் கேட்கிறாள். வீட்டுக்காரர் தாராள மனத்தோடு உள்ளே அழைக்கிறார். மூதாட்டி போகவில்லை. வீட்டிலுள்ள பிஸ்கட்டையெல்லாம் தின்கிறாள், வீட்டுக்காரரின் கட்டிலில் படுக்கிறாள், வாரங்கள் கழிகின்றன. போகச் சொல்ல வீட்டுக்காரருக்குக் கூச்சம். கடைசியில் ஏணி வைத்து ஏறி, அவள் கட்டிலுக்கு நேர் மேலே கூரை ஓடு ஒன்றைக் கழற்றிவிடுகிறார். மழை அவள் மேலேயே இறங்குகிறது. அதன் பிறகு அவள் என்ன செய்தாள் என்பதில்தான் கதை முடிகிறது.

கதையை முதல்முறை படித்தபோது ஒரு வரியும் நாக்கில் தங்கவில்லை. சில நாள் கழித்துக் கொய்யா மரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது அது தானாகவே ஒரு பண்ணில் போய் அமர்ந்தது. மழைக் கதை அல்லவா, மேகராகக் குறிஞ்சி. மழை வேண்டிப் பாடும் பண் அது. ஒரு வறட்சியில் கொத்மலை நீர்த்தேக்கம் வற்றி, அடியில் இருந்த பழைய கட்டடங்களெல்லாம் தலைகாட்டியபோது, தோட்டத்தார் வேண்டிக்கொள்ள நான் இந்தப் பண்ணில்தான் பாடினேன். பிறகு மழை பெய்தது. (பெய்யாமல் எங்கே போகும்? ஆனால் பாடி மழை வரவழைத்தவன் என்ற பெயர் எனக்கு நிலைத்துவிட்டது.) பண் கிடைத்தபின் தடையேது? ‘ஒன் வெட் ஈவ்னிங்’ என்று எடுத்தால் கதை முழுவதும் அருவிபோல் வந்தது. ‘ரிலக்டன்ட்’, ‘சஸ்பிஷஸ்’ போன்ற கரடுமுரடான சொற்களெல்லாம் குறிஞ்சியில் குழைந்து இனித்தன.

இதில் சிக்கல் ஒன்று இருந்தது. பதிகத்தை நடுவில் எடுக்கலாகாது, நடுவில் விடலாகாது, இடையூறு வந்தால் மீண்டும் முதலிலிருந்து பாட வேண்டும். என் தகப்பனார் ஏற்படுத்திய இந்த ஒழுங்கு என் எலும்பில் ஊறியது. ஆகவே, கூரைக்கு ஆங்கிலத்தில் என்ன என்று புவனா கேட்டால் நான் கண்ணை மூடிக்கொண்டு, மூதாட்டி கதவைத் தட்டும் இடத்தில் தொடங்கி, பிஸ்கட்டைக் கடந்து, கட்டிலைக் கடந்து, வீட்டுக்காரர் ஏணியில் ஏறும்வரை பாடிப் போய்த்தான் ‘ரூஃப்’ என்ற சொல்லை எடுத்துவர முடிந்தது.

என் மனைவி பாக்கியம் அடுப்படியிலிருந்து கேட்டாள். “சோறு வடிச்சிட்டேன். இன்னும் அந்தக் கெழவி வாசல்லதான் நிக்கிறாளா?”

புவனாவுக்கு அச்சம் வந்திருக்க வேண்டும். கதையை ஒதுக்கிவைத்துவிட்டு நான்கு சிறிய வரிகளை எனக்கு எழுதித் தந்தாள். “நாலே நாலு வரிங்கப்பா. வாங்க, வணக்கம். கூரை ஒழுகுது. புள்ளைங்க நனையிறாங்க. புதுசா போட ஒதவி செய்யுங்க. அம்புட்டுத்தான். கதைய மறந்துருங்க.”

நான்கு வரியும் எனக்கு நன்றாக மனப்பாடம் ஆயிற்று. அவற்றுக்குப் பண் மட்டும் அமையவில்லை.

அந்த வெள்ளைக்கார அம்மாள் வரும் நாளில் கோயில் முற்றத்தில் தோட்டமே கூடியிருந்தது. அடுத்து நடந்ததைப் பற்றி எனக்குச் சாதகமான வேறொரு வடிவம் என் நினைவில் இருக்கிறது. ஆனால் யாரோ கைப்பேசியில் எல்லாவற்றையும் பதிவு செய்துவிட்டதால் அதை இங்கே சொல்ல வழியில்லை.

துரைசானி வந்தார். நரைத்த தலை, கையில் ஒரு குடை, தோளில் ஒரு பை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, மாலையைப் பணிவோடு ஏற்று, சந்தனம் வைத்துக்கொண்டு நாற்காலியில் அமர்ந்தார். தட்டில் வடை வைத்தார்கள். தோட்டத்துத் துரை, நல்ல இளைஞர், அவருக்குப் பக்கத்தில் இருந்தார். நான் பட்டுச் சால்வையைச் சரிசெய்துகொண்டு முன்னே போய் நின்றேன். நான் தொடங்குவதற்குள் துரைசானி புன்னகையோடு என்னிடம், இங்கிருப்பவர்களுக்கு மிகவும் தேவையானது எது என்று கேட்டார்.

எனக்கு அந்தக் கேள்வி புரிந்துவிட்டது. அழிவுக்குக் காரணம் அதுதான். வாழ்நாளில் முதல்முறையாக ஓர் ஆங்கிலக் கேள்வி முகத்தைப் பார்க்காமலே புரிந்த பேரானந்தத்தில், அந்த நான்கு வரிகளும் கற்பூரமாய்க் கரைந்தன. சொல்ல வேண்டியது ஒரே சொல். கூரை. அந்தச் சொல் எங்கே இருக்கிறது என்றும் எனக்குத் தெரியும். கதையின் பிற்பகுதியில், ஏணிக்குப் பக்கத்தில். அங்கே போக ஒரு வழிதான் உண்டு. கண்ணை மூடினேன், கை கூப்பினேன்.

‘ஒன் வெட் ஈவ்னிங்.’

மேகராகக் குறிஞ்சி காதில் விழுந்ததும் முற்றத்தில் இருந்த சனமெல்லாம் பழக்கத்தால் கண்ணை மூடிக் கை கூப்பியது. நரைத்த தலையும் குடையும் கைப்பையுமாக ஒரு மூதாட்டி வந்து கதவைத் தட்டியதை நான் உருக்கமாகப் பாடினேன். துரைசானி தம் குடையைப் பார்ப்பதும், அதை மெல்ல நாற்காலிக்குப் பின்னால் நகர்த்துவதும் பதிவில் தெளிவாகத் தெரிகிறது. அடுத்து, அந்த மூதாட்டி வீட்டிலிருந்த பிஸ்கட்டையெல்லாம் தின்று தீர்த்த இடம். துரைசானி கையில் எடுத்த வடையைத் தட்டிலேயே திரும்ப வைத்தார்.

துரை குனிந்து தணிந்த குரலில், “கணக்கப்பிள்ளை, அது போதும்” என்றார். பாடும்போது பேசுகிறவர்களை அடக்க நான் வழக்கமாகக் கையை உயர்த்துவேன்; அப்படியே உயர்த்தினேன். இடையூறு வந்துவிட்டதால் முதலிலிருந்து தொடங்கினேன். மூதாட்டி மறுபடியும் கதவைத் தட்டினாள்.

கட்டில்வரை போயிருப்பேன். புவனா பின்னால் வந்து சால்வையை இழுத்தாள். “அப்பா, நாலு வரிப்பா. நாலே வரி.” பெற்ற மகளாயினும் இடையூறு இடையூறுதான். மூதாட்டி மீண்டும் தட்டினாள். இந்த முறை யாரும் குறுக்கிடவில்லை. துரை தம் கால் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏணி வந்தது. வீட்டுக்காரர் ஏறினார். நான் தேடிவந்த சொல்லும் வந்தது. அங்கே நிறுத்தி, பக்கத்தில் இருந்த பிள்ளைக் காம்பராவின் கூரையைச் சுட்டிக் காட்டியிருந்தால் போதும். எல்லாம் நலமாய் முடிந்திருக்கும். ஆனால் பதிகத்தை நடுவில் விடுவதா? மேலே சென்றேன். வீட்டுக்காரர் ஓடு ஒன்றைக் கழற்றினார். மழை இறங்கியது.

கதையில் இறங்கிய அந்தக் கணத்தில் வெளியேயும் இறங்கியது. எங்கள் மலையில் பிற்பகல் மழை எந்தப் பண்ணுக்கும் காத்திருப்பதில்லை. சனங்களுக்கு அதெல்லாம் நினைவில் இல்லை. பின்வரிசையில் ஒரு குரல் “அரோகரா” என்றது. முற்றம் முழுவதும் “அரோகரா” என்று முழங்கியது. அடுத்த கணம் எல்லோரும் எழுந்து பக்கத்திலிருந்த பிள்ளைக் காம்பராவுக்குள் ஓடினோம். துரைசானியின் குடை நாற்காலிக்குப் பின்னாலேயே கிடந்தது.

உள்ளே தொட்டில்கள் வரிசையாக ஒரு பக்கம் ஒதுக்கப்பட்டிருந்தன, நடுவே வாளிகள். துரைசானியின் தோளில் ஒரு சொட்டு விழுந்தது. அவர் நகர்ந்தார். அங்கேயும் விழுந்தது. அவர் மேலே இருந்த ஓட்டையைப் பார்த்தார். கீழே இருந்த வாளியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். துரையிடம் ஏதோ கேட்டார். துரை எங்களிடம் சொன்னபோது அவர் குரல் சுருங்கியிருந்தது.

“தொரசானி கேக்கிறாங்க, இந்தத் தகரத்த யாரு கழட்டினதுன்னு.”

புவனாவின் முகம் வெளுத்துப்போனது. கூரையும் போய், அவள் வேலையும் போய், வந்தவரை விரட்ட நாங்களே கூரையைப் பிரித்தோம் என்ற பழியும் வந்து சேர்ந்தது. யாரும் கழற்றவில்லை, துருப்பிடித்து உதிர்ந்தது என்று அவள் ஆங்கிலத்தில் விளக்கினாள். துரைசானி கேட்டுக்கொண்டார், நம்பினாரா என்பது தெரியவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, அந்தக் கிழவி அப்புறம் என்ன செய்தாள் என்று கேட்டார்.

எனக்கு உயிர் வந்தது. முடியாத பாட்டு தொண்டையிலேயே நின்று என்னை வாட்டிக்கொண்டிருந்தது. ஒரு வாளிக்கும் இன்னொரு வாளிக்கும் நடுவே நின்று மிச்சத்தைப் பாடினேன். மூதாட்டி நனைந்த போர்வையை உதறி மடித்து வைத்தாள். அவளுக்குக் கோபமில்லை. ‘போகச் சொல்லியிருந்தால் மறுநாளே போயிருப்பேனே. உங்களுக்கு வேண்டியதை நீங்கள் ஒருநாளும் வாய்விட்டுக் கேட்கவில்லையே’ என்று சொல்லிக் குடையை எடுத்துக்கொண்டு நடந்தாள். நான் கை கூப்பித் ‘திருச்சிற்றம்பலம்’ என்று முடித்தேன். நின்றிருந்தவர்கள் “அரோகரா” என்றார்கள். ஒரு குழந்தை விழித்துக்கொண்டு வீறிட்டது.

துரைசானி தோளில் விழுந்த சொட்டைத் துடைத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, அப்படியானால் கேளுங்கள் என்றார்.

இதுவும் எனக்குப் புரிந்தது. வாயைத் திறந்தேன். தோட்டமே என் உதட்டைப் பார்த்தது. உள்ளே எவ்வளவு துழாவியும் கையில் அகப்பட்டது ஒன்றுதான்.

‘ஒன் வெட்...’

புவனா என் முழங்கையைப் பிடித்தாள். அழுத குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்தபடி முன்னே வந்து, இந்தக் கூரையை மாற்றித் தாருங்கள், பிள்ளைகள் நனையாமல் இருக்க ஓர் இடம் வேண்டும் என்று கேட்டாள். அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு சொல் இல்லை. அந்தச் சொற்கள் அத்தனையும் எனக்குத் தெரிந்தவை. என் கதையிலேயே இருந்தவை. அவள் அவற்றைத் தனித்தனியே எடுத்துத் தன் வரிசையில் கோத்திருந்தாள். பூவை உருவியதால் மாலைக்கு ஒரு குறையும் வந்ததாகத் தெரியவில்லை.

துரைசானி குழந்தையின் காலைத் தொட்டுவிட்டு, மழை விட்டதும் புறப்பட்டார். வடையைக் கடைசிவரை தொடவில்லை.

சில வாரங்களுக்குப் பிறகு துரை எங்கள் வீட்டு வாசலில் ஜீப்பை நிறுத்தினார். கூரை கிடைத்துவிட்டது என்றார். பாக்கியம் அங்கிருந்தே கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள். “ஆனா தொரசானி ஒரு கண்டிஷன் போட்டிருக்காங்க. தகரத்துக்கு ஆணி அடிக்கக் கூடாதாம். போல்ட்டுதான். எடத்துக்கு ரெண்டா. யாரும் ஏணி வச்சு ஏறிக் கையால கழட்ட முடியாதபடி.”

அவர் அதைச் சிரித்துக்கொண்டு சொன்னாரா என்று கேட்டேன்.

“போன்லதான் பேசினாங்க, கணக்கப்பிள்ளை. எனக்கே வெளங்கல” என்றார் துரை.

அப்படியே கூரை போடப்பட்டது. வேலைக்கு வந்தவர்கள், இது பிள்ளைக் காம்பராவா அல்லது வங்கியா என்று கேட்டார்கள். போல்ட் முடுக்கிக் கை வலித்தபோதெல்லாம் என் பெயரைச் சொல்லி மூச்சு வாங்கினார்கள். அதற்கு அடுத்த தென்மேற்குக் காற்றில் நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளின் தகரங்கள் கிளம்பித் தேயிலை மலைக்கு மேலே பறந்தன. எங்கள் வீட்டுக் கூரையும் அவற்றோடு போயிற்று. பிள்ளைக் காம்பராவின் கூரை அசையவில்லை. எல்லோரும் பாயும் சட்டியுமாக அங்கே போய்த் தங்கினோம். கிழவியின் கதையைப் பாடச் சொல்லிப் பிள்ளைகள் கேட்டார்கள், பாடினேன், ஏணி வருவதற்கு முன்பே தூங்கிப்போனார்கள்.

காற்று அடங்கி, புதிய தகரம் வந்து, ஒவ்வொரு குடும்பமாகத் தத்தம் வீட்டுக்குத் திரும்பியது. எனக்கு அந்த இடம் பிடித்துவிட்டது; நான் மட்டும் அங்கேயே இருந்துவிட்டேன். சூடு இருந்தது, தேநீர் இருந்தது, படிக்கப் புவனாவின் இன்னொரு கதைப் புத்தகமும் இருந்தது. (இப்போது பென்சிலால் கோடு போடுகிறேன். மெல்லியதாக.) நல்ல வெயில் அடித்த ஒரு காலையில் புவனா தொட்டில் சேலைகளோடு வாசலில் வந்து நின்று சொன்னதைத்தான், எங்கள் வீட்டில் எந்த விருந்தாளி எழாமல் உட்கார்ந்திருந்தாலும் பாக்கியம் இன்றும் அடுப்படியிலிருந்து சத்தமாகச் சொல்கிறாள்.

“அப்பா, தொட்டில் கட்டணும், கெளம்புங்க. போல்ட்டு அடிச்ச கூரை, என்னால கழட்ட முடியாது.”